எதிர்வீட்டு வகுப்பு

எதிர்வீட்டில் வகுப்புத் தொடங்குவதை நான் சத்தத்தை வைத்து அறிந்துகொள்வேன். கொம்பியூட்டரில் அழைப்பு வரும்போது ஒரு மணி அடிக்கும். பிறகு ஏழெட்டுச் சின்னக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, "வணக்கம் ரீச்சர்" என்று சொல்லும். மெல்பேர்ணில் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரே வீட்டில் கூடும் பிள்ளைகள். அவர்களுக்கு மாலை நாலரை, எங்களுக்கு மதியம் பன்னிரண்டு. அந்த நேரத்தில் நான் என் இரண்டு வயது மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருப்பேன். அந்த "ரீச்சர்" என்ற சொல் கேட்டதும் என் கை ஒரு கணம் நின்றுவிடும்.

ஏனென்றால் ரீச்சர் நான். அவள் அல்ல.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் இருந்தோம். ஒரு மாடிக்கு இரண்டு வீடுகள். அவளும் நானும் ஒரே தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை செய்தவர்கள். நான் ஒன்பது வருடம் தமிழ் படிப்பித்தேன். அவள் எனக்குப் பல வருடங்கள் பின்னால் வந்து, கீழ்வகுப்புகளுக்கு மூன்றே வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். பாடக்குறிப்பு எழுதும் முறையை அவளுக்குக் காட்டிக்கொடுத்தது நான். எங்களுக்கு எதிரே வீடு காலியாகிறது என்று அவளுக்குச் சொன்னதும் நான்தான். அதை நினைத்துப் பிறகு எத்தனையோ தடவை என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இருவரும் பிள்ளைக்காக வேலையை விட்டவர்கள். என் அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தார். யுத்தத்தால் பாதை மூடியிருந்தது. விமானத்தில் வர அனுமதி எடுப்பதற்குள் பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டாள். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாததால் நான் நின்றுவிட்டேன். அவளுடைய கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போனபிறகு அவளும் நின்றாள். அவளுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். இதுவரைக்கும் நாங்கள் ஒரே மாதிரித்தான். பிறகு அவளுடைய கணவர் விடுமுறையில் வந்தபோது ஒரு புதிய கொம்பியூட்டரும் கமராவும் கொண்டுவந்தார். அங்கிருந்து மனைவியையும் பிள்ளையையும் பார்த்துக் கதைப்பதற்காக. அவள் அதை வைத்து வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கத் தொடங்கினாள்.

வெயிலுக்கு இரண்டு வீட்டுக் கதவுகளும் திறந்தே கிடக்கும். அவள் படிப்பிக்கும் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்கும். அவளுக்கு ணகரமும் னகரமும் ஒன்றுதான். 'மணம்' என்று எழுதிக் காட்டிவிட்டு 'மனம்' என்று வாசிப்பாள். நான் சோற்றுக் கோப்பையோடு நின்று, வாய்க்குள் திருத்துவேன். பாடத்தின் நடுவில் கடற்கரைப் பக்கம் ரயில் சத்தம் கேட்டால் போதும், "ஓடி வாங்கோ, கோச்சி வருது!" என்று கத்திக்கொண்டு கமராவை வயரோடு தூக்கி ஜன்னலுக்குக் கொண்டுபோவாள். அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். இது ஒரு படிப்பா என்று எனக்குள் எரியும். ஒன்பது வருடத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளையும் அப்படிக் கூச்சல் போட்டதில்லை. அதை அதுவரைக்கும் நான் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் கணவரிடம் சொன்னேன். "அவவுக்கு ணகரமே வராது. அவ தமிழ் படிப்பிக்கிறா."

பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் அவர் சொன்னார், "அப்ப நீரும் படிப்பியுமன்."

"எதிலை படிப்பிக்கிறது? அம்மிக்கல்லிலையோ?"

அவர் சிரித்தார். ஆனால் அந்த மாதமே, கோட்டையில் அவருடைய கந்தோரில் பழைய கொம்பியூட்டர்களைக் கழித்தபோது ஒன்றை எடுத்து, முச்சக்கரவண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழியில் இரண்டு சோதனைச் சாவடியில் இறக்கி, கழற்றிப் பார்த்தார்களாம். வந்து சேர்ந்தபோது மூடியில் ஒரு திருகாணி குறைந்திருந்தது. இணைய இணைப்புக்கு ஆள் வர மேலும் இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் எதிர்வீட்டு மணி அடித்துக்கொண்டேயிருந்தது. முதலில் வாரத்துக்கு மூன்று வகுப்பு. பிறகு ஒவ்வொரு நாளும்.

இணைப்பு வந்ததும் மேசையைப் படுக்கையறை மூலைக்குத் தள்ளினேன். பின்னால் உடுப்புக் கொடி தெரியாமல் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினேன். சின்னக் கரும்பலகை ஒன்றும் கமரா ஒன்றும் வாங்கினேன். எல்லாம் தயார். பிள்ளைகள்தான் இல்லை. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்த சொந்தக்காரருக்கு எழுதினேன். எல்லோரும் "பாப்பம்" என்றார்கள். எதிர்வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்க மனம் வரவில்லை.

கடைசியில் அவளே வந்தாள். கையில் மாவரித்த அரிதட்டு இருந்தது. அதைத் தட்டிக்கொண்டே வாசலில் நின்று சொன்னாள்.

"அக்கா, ஒரு பெடியன் இருக்கிறான். ஒன்பது வயசு. எனக்கு நேரம் இல்லை. நீங்கள் எடுக்கிறீங்களோ?"

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. அவள் திரும்பிப் போனதும், அவளுக்குச் சரிவராத பிள்ளையை என் தலையில் கட்டுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த நாள் "ஓம்" என்றேன்.

முதல் வகுப்புக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போவதுபோல, சேலை உடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் ஒரு பெடியன் ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் கரும்பலகையில் 'அ' எழுதிக் காட்டினேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கோச்சி காட்டுற ரீச்சர் நீங்களோ?"

"இல்லை. அது வேற ஆள்."

"ஓ" என்றான். அந்த "ஓ"வுக்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லை. நான் எழுதினேன், துடைத்தேன், எழுதினேன். அந்த நேரம் பார்த்து என் மகள் மேசைக்குக் கீழே புகுந்து வயரை இழுத்துவிட்டாள். திரை கறுத்துப்போனது. திரும்ப இணைக்க எனக்குத் தெரியவில்லை. பிள்ளையின் தொடையில் ஓர் அடி போட்டேன். அவள் வீறிட்டு அழுதாள். எதிர்வீட்டில் அப்போது ஏழெட்டுப் பேர் சேர்ந்து எதற்கோ சிரித்தார்கள்.

அழுகைச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் அவள் வந்தாள். என் சேலையைப் பார்த்து ஒரு கணம் நின்றாள்.

"அக்கா, சாறி ஒண்டும் வேண்டாம். பிள்ளையையும் மடியிலை வைச்சுக்கொண்டே படிப்பியுங்கோ. அதுகளுக்கு அது நல்ல விருப்பம்."

எனக்குப் படிப்பிக்கச் சொல்லித்தர வந்துவிட்டாள் என்று பொருமிக்கொண்டு, "சரி, பாப்பம்" என்றேன். ஆனால் அடுத்த வகுப்புக்கு வீட்டுச் சட்டையோடு, மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெடியன் அவளைக் கண்டதும் சாப்பாட்டை வைத்துவிட்டுத் திரைக்குக் கிட்ட வந்தான். அவள் தன் மூக்கைத் தொட்டு "மூக்கு" என்றாள். அவனும் தன் மூக்கைத் தொட்டு "மூக்கு" என்றான். அன்று இருவருமாக முகம் முழுக்கச் சொல்லி முடித்தார்கள். அவனுடைய தாய் மகிழ்ந்துபோய் இன்னொரு பிள்ளையையும் சேர்த்துவிட்டார். நல்ல யோசனை என்று என் கணவர் பாராட்டினார். அது யாருடைய யோசனை என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள். அவளுடையதில் பதினொன்று. நான் போய்க் கேட்டு அறியவில்லை. கதவோரம் நின்று குரல்களை எண்ணி அறிந்தேன்.

அவளுக்கு ஒரு கஷ்டம் இருந்தது, எனக்கு இல்லாதது. அவள் பிறந்த இடம் கிளிநொச்சி, அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த ஊர். அடையாள அட்டையில் அது எழுதியிருக்கும். என்னை ஒரு நிமிடம் மறித்துவிட்டால், அவளை அரை மணி நேரம் மறிப்பார்கள். எங்கேயாவது குண்டு வெடித்தால் இரண்டு மூன்று நாள் வெளியே போகாமல் இருக்கப் பார்ப்பாள். ஆனால் பிள்ளையை மொண்டிசோரிப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடவேண்டும். அப்படி ஒரு நாள், முதல் நாள் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது, காலையில் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும்போது காலி வீதியில் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பத்து மணிபோல எனக்குத் தொலைபேசி வந்தது.

"அக்கா, நான் பொலிஸிலை நிக்கிறன். பயப்பிடாதேங்கோ. கனபேர் நிக்கிறம், விசாரிச்சுப்போட்டு விடுவினம் எண்டு நினைக்கிறன். பிள்ளையை எடுத்து வைச்சிருங்கோ. அவளுக்குச் சொல்லவேண்டாம்."

"இல்லை, சொல்லமாட்டன்."

"இன்னொண்டு அக்கா. பன்னிரண்டு மணி வகுப்பை ஒருக்கால் பாருங்கோ. எனக்குச் சுகமில்லையெண்டு சொல்லுங்கோ. வேற ஒண்டும் சொல்லாதேங்கோ, என்ன?"

"ஓம் ஓம். நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும்."

உண்மையாகவே பதறிவிட்டேன். கணவருக்கு எடுத்துச் சொன்னேன். கீழ்வீட்டில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர் ஹாஜியாரிடம் ஓடினேன். அவர் சிங்களம் தண்ணீர்பட்ட பாடாகக் கதைப்பார். சட்டையை மாட்டிக்கொண்டு, வாடகை ஒப்பந்தத்தையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே புறப்பட்டார். "பயப்பட வாணாம் மகள், நான் போய் பேசுறன்" என்றார். என் கணவரும் கந்தோரிலிருந்து நேரே அங்கே போனார். பதினொன்றரைக்கு நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், அவளுடைய பிள்ளையையும் கூட்டி வந்தேன். "அம்மா எங்கை?" என்று அவள் கேட்டாள். "பாங்குக்குப் போயிட்டா, அங்கை சரியான சனம்" என்றேன். அவள் நம்பினாள்.

அவளுடைய வீட்டுத் திறப்பு எங்களிடம் ஒன்று இருந்தது. திறந்து உள்ளே போனோம். அவள் பிள்ளையும் என் பிள்ளையும் நிலத்தில் இருந்து பொம்மைகளைப் பரப்பினார்கள். நான் அவளுடைய கதிரையில் உட்கார்ந்தேன். மேசையில் ஒரு கொப்பி திறந்து கிடந்தது. பாடக்குறிப்பு இருக்கும் என்று பார்த்தேன். பாடம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே ஏதோ எழுதியிருந்தாள். ஒன்றுக்கு, "நாய்க்குட்டி செத்துப்போச்சு, முதல் அதைக் கேட்கவேணும்." இன்னொன்றுக்கு, "வாசிக்க வெட்கம். தனியக் கேட்கக்கூடாது, மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துக் கேட்க." இன்னொன்றுக்கு, "பல் விழுந்துட்டுதோ?"

எழுத்துப் பிழைகளோடு இரண்டு பக்கம். ஒன்பது வருடத்தில் நான் இப்படி ஒரு வரி எழுதியதில்லை. அவள் ஏன் நல்ல ரீச்சர் என்று அன்றைக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தபின் பொறாமை குறையும் என்று சொல்வார்கள். எனக்கு அது கூடியது. அதுவரைக்கும் அவளைவிட நான் கெட்டிக்காரி என்ற ஒரு பிடிமானம் எனக்கு இருந்தது. அதுவும் போய்விட்டது.

மணி அடித்தது. அழுத்தினேன். முதலில் ஒரு தாயின் முகம் வந்தது. மெல்பேர்ணில் மற்றத் தாய்மாரைச் சேர்த்துவிட்டவர் அவர்தான்.

"நீங்கள்... ரீச்சர் எங்கை?"

சுகமில்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு சொல். நாக்கு வழுக்கிவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். வழுக்கவில்லை. சொல்வதற்கு முன் ஒரு மூச்சு விட்டதும், அந்த மூச்சில் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று நினைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

"அவவைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டுது" என்றேன்.

"ஐயோ! ஏன்?"

"தெரியாது. அவ கிளிநொச்சி ஆள்தானே."

அந்தத் தாய் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் நின்ற பிள்ளைகள் பேசாமல் நின்றார்கள். எனக்குப் பின்னாலும் பொம்மைச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவளுடைய மகள் எழுந்து நின்றாள்.

"அன்ரி, அம்மா பாங்குக்குப் போயிட்டா எண்டுதானே சொன்னீங்கள்?"

நான் ஏதோ சொன்னேன். வேறு யாரையோ பற்றிக் கதைத்ததாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் அழவில்லை. கதவுக்குப் போய்ப் படியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. நான் திரும்பி உட்கார்ந்து அந்த வகுப்பை நடத்தி முடித்தேன். நாய்க்குட்டியைப் பற்றியும் கேட்டேன். கொப்பியில் இருந்ததை என் சொந்த அக்கறைபோலக் கேட்டேன்.

அன்று அவளை விடவில்லை. அடுத்த நாள் பின்னேரம் அந்தத் தாய் என் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"எங்கடை பேர், போன் நம்பர் எல்லாம் அவவின்ரை கொம்பியூட்டரிலை இருக்கு. இவருக்குப் பயமாக்கிடக்கு. ஊருக்கு வந்து போறனாங்கள். குறை நினையாதேங்கோ, எங்கடை மூண்டு பிள்ளையளையும் நீங்கள் எடுப்பீங்களோ?"

அவருடைய இரண்டு பிள்ளைகளும், தங்கையின் மகளும். அது ஒன்றும் இல்லை, எல்லோரையும் இப்படித்தான் பிடித்துவிட்டு விடுகிறார்கள், அவள் ஒரு குற்றமும் செய்யாதவள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "ஓம், எடுக்கிறன்" என்றேன். தொலைபேசியை வைத்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் ஹாஜியாரும் என் கணவரும் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முகம் வீங்கி, அதே சட்டையோடு வந்தாள். மகள் படியிலேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து, "பெரிய உதவி அக்கா" என்றாள். அந்தக் கையை எப்போது விடுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

அவள் எல்லாவற்றையும் அறிய ஒரு நாள் ஆனது. அடுத்த நாள் மதியம், வகுப்பு நேரத்துக்கு, எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அக்கா, சுகமில்லை எண்டு சொல்லச் சொன்னனான்."

"அந்த மனுசி நேரை கேட்டுது. பதட்டத்திலை வாயிலை வந்திட்டுது."

"ஓம்" என்றாள். "அந்த மூண்டு பேரையும் நீங்களே வைச்சிருங்கோ. அதை நான் கேக்க வரேல்லை. என்ரை பிள்ளைக்கு முன்னாலை ஏன் சொன்னனீங்கள்? இரவிலை எழும்பி நான் நிக்கிறனோ எண்டு பாக்கிறாள்."

அவள் அங்கே இருந்ததை மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அதுதான் நான் சொன்னதில் ஒரேயொரு உண்மை. அவள் அதைக் கேட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவர்கள் வீட்டுக் கதவு மூடியே இருந்தது. மணிச்சத்தம் மட்டும் மெதுவாகக் கேட்டது. குரல்களை எண்ண முடியவில்லை.

மூன்று பிள்ளைகளும் என்னிடம் வந்தார்கள். தங்கையின் மகள், அந்த வாசிக்க வெட்கப்படும் பிள்ளை, ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கேள்வி கேட்பாள்: "ரீச்சரை விட்டுட்டினமோ?" விட்டுவிட்டார்கள் என்பேன். "அப்ப ஏன் அவ வாறேல்லை?" என்பாள். நாலைந்து கிழமை அதற்கு ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். பிறகு ஒரு நாள், ஏன் அன்றைக்கு என்று இன்றும் எனக்குத் தெரியாது, அவளுடைய பெரியம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். சொன்னேன்: அவவிலை ஒரு பிழையும் இல்லை. அவவின்ரை பிறந்த இடம்தான் பிழை. நாளைக்கு என்னையும் ஏத்துவினம். நான்தான் தேவையில்லாமல் உங்களைப் பயப்படுத்திப்போட்டன்.

அந்த மனுசி, "இதை நீங்கள் அண்டைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். அடுத்த கிழமை மூன்று பேரும் எதிர்வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். நான் சொல்லித்தான் வந்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்ததா, தெரியாது. படியில் கண்டால் தலையசைப்பாள். நானும் அசைப்பேன். நல்லது செய்தபின் மனம் ஆறும் என்று நினைத்தேன். ஒரு நாள் சாத்திய கதவுக்குப் பின்னால் அந்த வெட்கப்பட்ட பிள்ளை உரத்த குரலில் வாசிப்பது கேட்டது. என்னிடம் அவள் ஒரு நாளும் அப்படி வாசித்ததில்லை. வயிறு பழையபடி எரிந்தது.

அடுத்த வருடம் அவளுக்குக் கட்டாருக்கு விசா கிடைத்தது. சாமான்களை விற்றாள். மகளோடு போகும் நாள் எங்கள் வாசலுக்கு வந்து, "போயிட்டு வாறம் அக்கா" என்று முறையாகச் சொன்னாள். பிள்ளை தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்னைப் பார்க்கவில்லை. அவர்களை ஏற்றிய வான் ஒழுங்கையால் திரும்பியதும் எனக்கு வந்த முதல் நினைப்பு, அந்தப் பதினொரு பிள்ளைகளும் இனி யாரிடம் போவார்கள் என்பதுதான். இரண்டு நாள் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தேன். பிறகு என்னிடம் படித்த பெடியனின் தாய் பேச்சுவாக்கில் சொன்னார், ரீச்சர் போன அதே கிழமையே அங்கிருந்து வகுப்பைத் தொடங்கிவிட்டாவாம், இப்போது ஜன்னலால் ஒட்டகம் காட்டுகிறாவாம். இந்த வேலையை எங்கேயிருந்தும் செய்யலாம் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அது எனக்கு உறைக்கவில்லை.

யுத்தம் முடிந்தது. எனக்கும் மெல்ல மெல்லப் பிள்ளைகள் சேர்ந்தார்கள், கனடாவில், ஜேர்மனியில், நோர்வேயில். இப்போதும் அதே வீட்டில் அதே மூலையில்தான் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். நாய், பூனை, விழுந்த பல் எல்லாம் அதில் எழுதுவேன். புதிதாகத் தொடங்கும் தாய்மார் என்னிடம் யோசனை கேட்டால், சேலை வேண்டாம், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று அவர்கள் கேட்டால், அனுபவம் என்கிறேன்.

போன வருடம் ஒரு பின்னேரம், எதைப் பற்றியோ கதைத்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கதையை முதன்முறையாகக் கணவரிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"எனக்கு அப்பவே தெரியும். அவவைக் கூட்டிக்கொண்டு வந்த அண்டைக்கே அந்தப் பிள்ளை படியிலை வைச்சு எனக்குச் சொன்னது."

"பிறகேன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீர்?"

வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து அறைக்குள் போனேன். வகுப்புக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.